சப்வே: சுரங்கப்பாதையும் அல்ல, சுரங்க ரயிலும் அல்ல

ஆங்கிலத்தின் 'சப்வே'யைச் சுரங்கப்பாதை என்று மொழிபெயர்த்து, 'நியூயார்க் சுரங்கப்பாதையில் வெள்ளம்' என்று தமிழ்ச் செய்திகளில் மறுபடி மறுபடி வருகிறது. சென்னை வாசகருக்குச் சுரங்கப்பாதை என்றால் துரைசாமி சுரங்கப்பாதைதான்: தண்டவாளத்துக்கு அடியில் வண்டிகள் போகும் வழி. மழைநீர் தேங்கினால் மோட்டார் வைத்து இறைத்துவிட்டுத் திறந்துவிடுவார்கள். நியூயார்க்கில் தண்ணீர் புகுந்ததோ 472 நிலையங்களோடு இரவு பகலாக ஓடும் ரயில் அமைப்புக்குள். மழையே இல்லாத நாளிலும் அங்கே ஏறக்குறைய 5 கோடி லிட்டர் நீரை இறைக்க வேண்டியிருக்கிறது. 2012இல் சாண்டி புயலின்போது ஒரு சுரங்கத்துக்குள் கடல்நீர் புகுந்தது. உப்பு அரித்த மின்கம்பிகளையும் சிக்னல்களையும் மாற்றுவதற்காகப் பின்னர் அதை ஓராண்டுக்கு மேல் மூட நேர்ந்தது. சுரங்கப்பாதை என்று எழுதினால் இதெல்லாம் வாசகர் கண்ணுக்குப் படாமலே போகிறது.

சப்வே என்பதற்கு நேர்ப்பொருள் அடிவழி. பிரிட்டனில் அது சாலைக்குக் கீழே மக்கள் நடக்கும் வழி, அமெரிக்காவில் ரயில். நமக்கு வந்து சேர்ந்தது பிரிட்டன் பொருள். அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்க்கும்போதும் அதையே ஒட்டிவிடுகிறார்கள்.

சுரங்கம் என்ற சொல்லில் குற்றமில்லை. வடமொழி 'சுருங்கா' வழியாக வந்தது, அதற்கும் பின்னால் கிரேக்கச் சொல் ஒன்று இருக்கிறது என்பது பலர் ஏற்கும் கருத்து. சிலப்பதிகாரத்து மதுரையிலேயே யானைக் கூட்டம் போகும் 'சுருங்கை வீதி' உண்டு.

'அப்படியானால் சுரங்க ரயில் என்று எழுதலாமே' என்பார்கள். அதுவும் தவறு என்றே சொல்வேன். பூமிக்கு அடியில் ஓடுவது இந்த ரயிலின் இலக்கணம் அல்ல. லண்டனில் 'அண்டர்கிரவுண்ட்' என்று பெயரிலேயே இருந்தும், பாதையில் பாதிக்கு மேல் வெட்டவெளியில்தான் இருக்கிறது. நியூயார்க்கிலும் ஏறக்குறைய 40 விழுக்காட்டுத் தண்டவாளம் தரைக்கு மேலேதான். சென்னையில் 2015 ஜூன் 29 அன்று மெட்ரோ முதலில் ஓடிய கோயம்பேடு–ஆலந்தூர் தடம் முழுக்கத் தூண்கள் மேல் நிற்பது. சுரங்கத்தில் பயணிகள் போனது 2017இல்தான். அந்த இரண்டு ஆண்டும் அதைச் சுரங்க ரயில் என்று எப்படி அழைத்திருக்க முடியும்? உலகில் அந்தப் பெயருக்குப் பொருந்துவது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மாதிரிச் சில ஊர்கள்தான். அங்கே 1896இல் திறந்த வட்டப்பாதையில் 15 நிலையங்கள், பதினைந்தும் தரைக்கு அடியில்.

அப்படியானால் எது இலக்கணம்? சாலையோடும் பிற ரயில்களோடும் குறுக்கிடாத தனித்தடம், ஏறக்குறைய கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், நெரிசல் நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒரு வண்டி. லெவல் கிராசிங் ஒன்று குறுக்கே வந்தாலும் அந்தச் சில நிமிட இடைவெளியைக் காப்பது கடினம். தடம் மேலே போகிறதா கீழே போகிறதா என்பதைச் சாலையின் அகலமும் நிலமும் பணமும் முடிவு செய்கின்றன. ஒரே வண்டி ஒரே ஓட்டத்தில் இரண்டையும் கடக்கும்.

சிங்கப்பூர்த் தமிழில் 'பெருவிரைவு ரயில்' என்கிறார்கள். உழைத்து உருவாக்கிய சொல், மதிக்கிறேன். ஆனால் திரளான மக்களை ஏற்றிச் செல்வது என்பதைக் குறிக்க வந்த 'பெரு', விரைவோடு ஒட்டிக்கொண்டு 'மிகுந்த வேகம்' என்றாகிவிட்டது. மெட்ரோவின் உச்ச வேகம் பெரும்பாலும் 80 கிலோமீட்டர்தான். நின்று நின்று போவதால் சராசரி 30, 35க்கு இறங்கிவிடும். பழக்கமில்லாத வாசகர் பெருவிரைவு என்றதும் புல்லட் ரயிலைத்தான் நினைப்பார்.

மெட்ரோ என்ற பெயர் 1863 ஜனவரி 10 அன்று லண்டனில் திறந்த மெட்ரோபாலிட்டன் ரயில்வேயிலிருந்து புறப்பட்டு, 1900இல் பாரிஸ் போய் 'மெத்ரோ' என்று சுருங்கி உலகெங்கும் பரவியது. மூலம் கிரேக்கம்: தாய் நகரம். தமிழில் இதற்கு 'பெருநகர ரயில்' சரியாக அமைகிறது. 'புறநகர் ரயில்' ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருக்கிறது; அதன் பக்கத்தில் பெருநகர ரயில் இயல்பாக வந்து நிற்கும், பொருளும் தானே பிரியும். அவசரச் செய்திக்கு 'மெட்ரோ ரயில்' போதும், அது தெருவரை பரவிவிட்டது. சுரங்கம் என்ற சொல்லைச் சுரங்கத்துக்கே விட்டுவிடுங்கள்: சுரங்கத் தடம், சுரங்க நிலையம்.

மூலத்தில் உள்ள பொருள் எப்படி இயங்குகிறது என்று பாராமல் அகராதியைத் திறப்பதுதான் சிக்கல். நியூயார்க்கில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் 625 வோல்ட் மின்சாரம் பாயும் இரும்புத் தண்டு, ஆங்கிலத்தில் 'தேர்ட் ரெயில்', தமிழில் 'மூன்றாவது ரயில்' என்று அச்சாகிறது. தொட்டால் உயிர்போகும் பொருளை இன்னொரு வண்டியாக்கிவிட்டார்கள். அது மூன்றாம் தண்டவாளம். அந்த ஊர் 'லோக்கல்' ரயிலை 'உள்ளூர் ரயில்' என்கிறார்கள். அங்கே பல இடங்களில் ஒரே வழித்தடத்தில் நான்கு தடங்கள் போட்டு, இரண்டில் எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியையும் இரண்டில் சிலவற்றில் மட்டும் நிற்கும் வண்டியையும் விடுகிறார்கள். இரண்டுமே உள்ளூருக்குள் ஓடுபவைதான். 'எங்கும் நிற்கும் ரயில்' என்று எழுதினால், எதில் ஏறுவது என்று பயணிக்குத் தெரியும்.