மூன்று வேலை சொன்னால் ஒன்றோடு நின்றுவிடும் பையன்

"பென்சிலை எடு, பையை மூடு, செருப்பைப் போட்டுக்கிட்டு வா" என்றேன். மருத்துவரான என்னிடம் அழைத்து வந்திருந்த ஏழு வயதுப் பையன். பென்சிலை எடுத்தான். அதைக் கையில் பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடமும் இல்லை, திமிரும் இல்லை. அடுத்து நான் சொன்னது அவனிடம் தங்கவில்லை, அவ்வளவுதான். முந்தின வாரம் கடகடவென்று ஒப்பித்த இரண்டாம் வாய்ப்பாடும் அன்று இரண்டாவது வரியோடு நின்றுபோனது. பள்ளியில், "வேணும்னே பண்றான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

பிறந்த எடை, காமாலை, வலிப்பு என்று வழக்கமான கேள்விகள் எல்லாம் முடிந்தன. பிறகு அவன் அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் கேட்டேன்: "கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடி பீர், ஒயின் ஏதாவது குடிச்சிருக்கீங்களாம்மா?"

துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "இதை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை மேடம்" என்றார். வேலை பார்த்த ஊரில் வாரக் கடைசியில் பார்ட்டி. நாள் தள்ளிப்போனதையே கவனிக்கவில்லை. ஸ்கேன் எடுத்தபோது பத்து வாரம்.

"நம்ம ஊர்ப் பெண்கள் குடிக்க மாட்டாங்க" என்ற நினைப்பில் நாங்களே இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறோம். இது எங்கள் தவறு.

அம்மா குடிக்கும் ஆல்கஹால் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்திலும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஏறிவிடும். நம் ஈரல் அதை உடைத்துக் கழித்துவிடும். கருவின் ஈரலுக்கு அந்தத் திறன் இன்னும் வந்திருக்காது. பனிக்குட நீரிலும் அது தங்கிவிடுகிறது, குழந்தை அந்த நீரைத்தான் விழுங்குகிறது. நரம்பு செல்கள் பிறந்து, தத்தம் இடத்துக்கு நகர்ந்து, ஒன்றோடொன்று தொடுப்புப் போடும் காலம் அது. ஆல்கஹால் சில செல்களைச் சாகடிக்கிறது, சிலவற்றைத் தடம் மாற்றிவிடுகிறது. மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் மெலியலாம், உருவாகாமலேகூடப் போகலாம். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ், யோசித்து வரிசையாகச் செய்யவைக்கும் முன்மடல், உடம்பின் நிதானத்தைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளை, இவையும் அடிவாங்கும். பென்சிலோடு நின்ற பையனிடம் நான் பார்த்தது இதைத்தான்.

பிரான்சில் லெமுவான் என்ற மருத்துவர் 1968-லேயே இப்படிப்பட்ட 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1973-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரண்டு மருத்துவர்கள் இதற்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' (கருவில் ஆல்கஹாலால் வரும் பாதிப்பு) என்று பெயர் வைத்தார்கள். சிறிய கண் திறப்பு, மெல்லிய மேலுதடு, மூக்குக்குக் கீழே பள்ளமில்லாத தட்டை ஆகியவை இதன் முக அடையாளங்கள். ஆனால் முகம் உருவாவது தொடக்க வாரங்களில். மூளையோ கர்ப்பகாலம் முழுக்க வளர்கிறது. அதனால் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முகத்தில் எதுவும் தெரியாது. இவன் முகமும் அப்படித்தான், களையான முகம். அம்மா சொன்ன ஒரு பதிலை வைத்தும் முடிவுக்கு வரவில்லை. காது, தைராய்டு, மரபணு எல்லாம் பார்த்த பிறகுதான் பேசினோம்.

"ஒயின் நல்லதுதானே", "பீர்ல போதை கம்மிதானே" என்று கேட்கிறார்கள். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே ஆல்கஹால்தான், எத்தனால். கர்ப்பத்தில் இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று சொல்ல எந்த அளவும் இல்லை. தெரியாமல் குடித்திருந்தால் இன்றைக்கு நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். தினமும் குடிக்கிறவர்கள் மட்டும் தானாக ஒரேயடியாக நிறுத்தாமல் மருத்துவரிடம் போய் நிறுத்த வேண்டும், திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். கூட இருக்கும் கணவரும் அந்த ஒன்பது மாதம் பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருக்கட்டும்.

அந்த அம்மா அன்று அழுதார். தெரியாமல் நடந்ததற்குக் குற்றவாளி ஆக வேண்டாம் என்றேன். மூளையில் ஏற்பட்டதை மாற்ற மருந்து இல்லை, சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்ற முடியும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது, அதையே நாள்தோறும் அதே வரிசையில் செய்ய வைப்பது என்று தொடங்கினோம். இப்போது அவன் பைமேல் பென்சில், பை, செருப்பு என மூன்று படங்கள் ஒட்டியிருக்கின்றன. மூன்றாவதைச் சில நாள் மறந்துவிடுகிறான். அப்போது டீச்சர் திட்டுவதில்லை; செருப்புப் படத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறார்.