கூச்சக் குதிரைக்கு முதுகிலும் காது உண்டு

குதிரையின் விலாவில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால், அந்த இடத்துத் தோல் மட்டும் சட்டென்று துடித்து அதை விரட்டிவிடும். தோலுக்கு அடியில் விரிப்புப் போலப் பரந்திருக்கும் மெல்லிய தசையின் வேலை இது. ஈயின் கால் படுவதையே உணர்கிற உடம்பைக் குதிகாலால் ஓங்கி இடித்தால்தான் நகரும் என்று நம்புவது எவ்வளவு பெரிய அபத்தம் என்பது, பாளையங்கோட்டைப் பக்கம் தாமிரபரணிக் கரையில் மார்வாரி இனப் பெட்டைக் குதிரை ஒன்றின்மேல் ஏறிப் பழகத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எனக்கு உறைத்தது.

அவளை நிறுத்துவதற்காக நான் கடிவாளத்தை இழுக்க, அவள் தலையை உதறிக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தாள். பழக்கிக்கொண்டிருந்த பெரியவர், "ஏ தம்பி, மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கியே, மொதல்ல அத விடு" என்றார். விட்டேன், நாலடி தள்ளி நின்றுவிட்டாள்.

இதில் மாயம் எதுவும் இல்லை. மூச்சை அடக்கும்போது வயிறும் தொடைகளும் இறுகுகின்றன. முழங்கால்கள் சேணத்தைக் கவ்வுவதால் உட்காரும் இடம் மேலெழும்புகிறது. கால் அழுத்தத்திற்கு முன்னேறும்படி பழக்கப்பட்ட குதிரை, அந்தக் கவ்வலை 'போ' என்றே புரிந்துகொள்கிறது. அதே நேரத்தில் கடிவாளமோ 'நில்' என்கிறது. கடிவாள இரும்பு அமர்வது முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறின்மேல். அங்கே எலும்பின்மேல் சதை மிகக் குறைவு. முரண்பட்ட இரண்டு கட்டளைகளுக்கு நடுவே வலியும் சேர்ந்துகொண்டால் எந்த உயிர்தான் மிரளாது? மூச்சு வெளியேறியதும் தொடை தளர்ந்து, உடல் எடை சேணத்தில் இறங்குகிறது; நடையோடு ஆடிக்கொண்டிருந்த இடுப்பு அடங்கும்போது, அந்த அடங்கலையே குதிரை சைகையாக எடுத்துக்கொள்கிறது.

தளர்ச்சி ஏன் சைகையைத் தெளிவாக்குகிறது என்பதற்கு விளக்கம் உடலியலில் இருக்கிறது. 1834-ல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர், ஒரு மாற்றம் புலனுக்குத் தெரியவேண்டுமானால், ஏற்கெனவே உள்ள தூண்டலின் அளவுக்கேற்ப அந்த மாற்றமும் பெரிதாக இருக்கவேண்டும் என்று காட்டினார். வெறுங்கையில் வைத்த எலுமிச்சம்பழம் தெரியும். அரிசி மூட்டையின்மேல் வைத்தால் சுமப்பவருக்குத் தெரியாது. இது மனிதரை வைத்துக் கண்டறிந்த விதி என்றாலும் குதிரையின் விலாவுக்கும் பொருத்திப் பார்க்கலாம். கால்கள் எப்போதும் இறுகியே இருந்தால், சைகை தருவதற்கு அதையும் மீறி இடிக்கவேண்டியிருக்கும். சும்மா தொங்கும் காலுக்குக் கெண்டைச்சதையின் சிறு தொடுகையே போதும்.

சைகையின் பொருளைக் குதிரைக்குக் கற்றுக்கொடுப்பது அழுத்தமன்று, அழுத்தம் விலகும் கணம். எதைச் செய்தபோது தொந்தரவு நீங்கியதோ அதையே அது மறுமுறையும் செய்யும். பதில் கிடைத்த பிறகும் காலை எடுக்காதவர், கூச்சமுள்ள குதிரையைப் பதற்றக்காரியாகவும் சாதுவான குதிரையை மரத்துப்போனதாகவும் ஆக்கிவிடுகிறார். குதிரையின் பிடிவாதம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இப்படி உண்டானதே என்பது என் எண்ணம்.

குதிரை எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கும் என்பதை பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை காட்டியது. கணக்குப் போடும் குதிரை என்று புகழ்பெற்ற அது, குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1904-ல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதைச் சோதித்தபோது, கேள்வி கேட்டவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரையும் தவறியது. தட்டல் சரியான எண்ணை எட்டியதும் கேட்டவரின் தலையும் உடலும் தம்மையறியாமல் இம்மியளவு அசைந்ததைக் கண்டே அது நிறுத்திவந்தது. இந்த இரகசியம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தம்முடைய அசைவுகளை எளிதில் அடக்க முடியவில்லை.

நேரம் பார்த்துத் தொடுவதுதான் கடினமான பாடம். நடையில் குதிரையின் இடது பின்னங்கால் எழுந்து முன்னே வரும்போது அதன் வயிறு வலப்பக்கம் ஒதுங்கும். சவாரி செய்பவரின் இடது இடுப்பு லேசாக இறங்கும். எழுகின்ற காலைத்தான் நீட்டவோ திருப்பவோ முடியும் என்பதால், இடது காலின் தொடுகை அப்போது விழவேண்டும். பெரியவர் கயிற்றைப் பிடித்து நடத்த, நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இறக்கத்திற்கும் 'இடது' என்று சொல்லிப் பழகினேன். முதல் இரண்டு நாளும் பாதிக்கு மேல் தவறு.

ஆற்றோர ஈரமணலில் அவளுடைய தடங்களைப் பின்னர் பார்த்தேன். நான் இறுகி உட்கார்ந்திருந்த பகுதியில் பின்குளம்பின் தடம் முன்குளம்பின் தடத்தை எட்டாமல் அரைச்சாண் பின்தங்கியிருந்தது. மூச்சு விட்டு நடந்த பகுதியில், அதே தடம் முன்குளம்பைத் தாண்டி நான்கு விரற்கடை முன்னே பதிந்திருந்தது.