ஆன்டிஜென்: எதிர்ப்பொருளா, எதிர்ப்பொருளைத் தூண்டுவதா?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'ஆன்டிஜென் பாசிட்டிவ்' என்றிருந்தால், தேடிய கிருமியின் பாகம் உடலில் இருக்கிறது என்று பொருள். 'ஆன்டிபாடி பாசிட்டிவ்' என்றிருந்தால், அந்தக் கிருமியையோ அதற்கான தடுப்பூசியையோ உடல் எப்போதோ சந்தித்து, அதற்கு எதிரான புரதத்தை உண்டாக்கியிருக்கிறது என்று பொருள். காதுக்கு இரண்டு சொற்களும் உடன்பிறப்புகள் போல ஒலிக்கின்றன. ஆனால் ஒன்று வந்து சேர்ந்த பொருள், மற்றது அதற்கு உடல் தந்த பதில். ஹெபடைடிஸ் பி பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, 'ஆன்டி என்றுதானே இருக்கிறது, எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது' என்று ஒருவர் நிம்மதியடைந்தால், கல்லீரலில் வைரஸை வைத்துக்கொண்டே அவர் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுவார். இந்தச் சொல்லைச் சரியாக விளங்கிக்கொள்வது அவ்வளவு முக்கியம்.

சொல் பிறந்த கதை

முதலில் பிறந்தது ஆன்டிஜென் அல்ல, ஆன்டிபாடிதான். 1890இல் எமில் வான் பெரிங்கும் கிடசாட்டோ ஷிபசாபுரோவும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். தொண்டை அடைப்பான், ரணஜன்னி ஆகிய நோய்களின் நச்சுக்கு எதிராகத் தடுப்பாற்றல் பெற்ற விலங்கின் சீரத்தை (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரை) இன்னொரு விலங்குக்குச் செலுத்தினால், அதுவும் பாதுகாப்புப் பெறுகிறது என்பதே அது. சீரத்தில் இருக்கும் அந்த எதிர்ப்புப் பொருளைக் குறிக்க, மறு ஆண்டு பால் எர்லிக் 'ஆன்டிகோர்ப்பர்' என்ற ஜெர்மன் சொல்லைப் பயன்படுத்தினார். 'எதிர்' + 'உடல், பொருள்' என்பது அதன் நேர்ப்பொருள்.

அப்படியானால் இந்த எதிர்ப்பொருளை உண்டாக்கச் செய்வது எது? அதற்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஹங்கேரிய அறிஞர் லாடிஸ்லாஸ் டாய்ச், 1899இல் 'ஆன்டிஜென்' என்று எழுதினார். பின்னாளில் லாஸ்லோ டெட்ரே என்று பெயர் மாற்றிக்கொண்டவர் இவர். 'ஆன்டிசோமடோஜென்' என்பதன் சுருக்கமே இது என்று சில ஆண்டுகள் கழித்து அவரே விளக்கினார். 'சோமா' என்றால் கிரேக்கத்தில் உடல். 'ஜென்' என்றால் பிறப்பிப்பது. ஆக, 'ஆன்டிபாடியைப் பிறப்பிப்பது' என்பதே சொல்லின் முழு வடிவம். நடுவில் இருந்த 'சோமா' உதிர்ந்துபோனதுதான் இன்றைய குழப்பத்துக்கெல்லாம் வேர். எதை எதிர்க்கிறது என்ற கேள்வியே தவறு, எதிர்ப்பதைப் பிறப்பிக்கிறது.

இன்னொரு மயக்கத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்த 'ஜென்' மரபணுவைக் குறிக்கும் 'ஜீன்' அல்ல. ஜீன் என்ற சொல்லை வில்ஹெல்ம் ஜோஹான்சன் உருவாக்கியது 1909இல், ஆன்டிஜென் பிறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு. வேர் ஒன்றாக இருந்தாலும் ஆன்டிஜெனுக்கும் மரபணு எதிர்ப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எந்தப் பொருள் ஆன்டிஜென்?

ஆன்டிஜென் என்று தனியாக ஒரு வேதிப்பொருள் கிடையாது. எதிர்ப்பொருளோ, நோய் எதிர்ப்பில் ஈடுபடும் டி (T) அணுக்கள் என்ற வெள்ளையணுக்களின் ஏற்பியோ அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் எதுவும் ஆன்டிஜென்தான். பெரும்பாலும் புரதமாக இருக்கும், சர்க்கரைச் சங்கிலியாகவும் இருக்கலாம். ஏ வகை ரத்தத்தையும் பி வகை ரத்தத்தையும் பிரிப்பது சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள சங்கிலியின் நுனியில் இருக்கும் ஒரே ஒரு சர்க்கரை அலகு. கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901இல் ரத்த வகைகளை வெளிப்படுத்தி, அதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சின்னஞ்சிறு வேறுபாடுதான். ஆனால் வகை மாற்றி ரத்தம் ஏற்றினால் உயிர் போகும்.

எதிர்ப்பொருள் ஒரு பெரிய மூலக்கூறை முழுவதுமாக அணைப்பதில்லை. அதன் ஒரு சிறு திட்டைத்தான் பற்றுகிறது. அந்தத் திட்டுக்கு எபிடோப் என்று பெயர். ஒரே வைரஸ் புரதத்தில் இப்படிப் பல திட்டுகள் இருக்கும். பென்சிலின் போன்ற மிகச் சிறிய மூலக்கூறு தனியாக எதையும் தூண்டாது. உடலின் புரதம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டால்தான் தூண்டும், ஒவ்வாமையையும் வரவழைக்கும். இத்தகையவற்றுக்கு ஹாப்டன் என்று பெயர். இங்கேதான் ஒரு நுட்பம் வருகிறது. பற்றப்படுவது வேறு, தூண்டுவது வேறு. தூண்டவும் செய்கிற ஆன்டிஜெனை இம்யூனோஜென் என்று தனியாகச் சொல்கிறார்கள். எல்லா இம்யூனோஜெனும் ஆன்டிஜென். எல்லா ஆன்டிஜெனும் இம்யூனோஜென் அல்ல.

தமிழில் என்ன சொல்வது?

புழக்கத்தில் பல சொற்கள் உள்ளன. 'பிறபொருளெதிரியாக்கி' ஒன்று. ஆன்டிபாடியைப் 'பிறபொருளெதிரி' என்றும், அதை ஆக்குவதைப் 'பிறபொருளெதிரியாக்கி' என்றும் சொல்வதில் தர்க்கம் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் 'பிற' என்ற ஒட்டு இடிக்கிறது. தைராய்டு அழற்சியிலும் லூபஸிலும் முதல் வகை நீரிழிவிலும் எதிர்ப்பொருள்கள் குறிவைப்பது பிறபொருளை அல்ல, உடலின் சொந்தப் பொருள்களை. சொந்தப் பொருளைப் 'பிற' என்று அழைக்க நேரும்போது அந்தச் சொல் தடுமாறுகிறது.

'உடற்காப்பு ஊக்கி' என்பது இன்னொன்று. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேட்டதும் உடலுக்குத் தெம்பு தரும் டானிக் என்றுதான் தோன்றுகிறது. நோய் எதிர்ப்பை 'ஊக்கும்' மாத்திரை, கஷாயம் என்ற விளம்பர மொழியோடு இது கலந்துவிடும். நோயாளியின் உடலில் உடற்காப்பு ஊக்கி இருப்பதாக எழுதினால், அதைக் கெட்ட செய்தியாக யார் எடுத்துக்கொள்வார்கள்?

பாடநூல்களில் வழங்கும் 'எதிர்ப்பொருள் தூண்டி'யே எனக்கு நிறைவளிக்கிறது. ஆன்டிபாடிக்கு 'எதிர்ப்பொருள்' என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. அதன்மேல் 'தூண்டி'யைச் சேர்த்தால், டாய்ச் சுருக்கியபோது உதிர்ந்த நடுப்பகுதி தமிழில் திரும்பக் கிடைக்கிறது. தூண்டுதல் என்ற வினையும் பொருத்தமானது. விளக்கின் திரியைத் தூண்டும் தூண்டுகோல் தானே எரிவதில்லை. அதுபோல ஆன்டிஜென் தானே எதிர்ப்பதில்லை. இம்யூனோஜென், ஆன்டிஜென் என்ற நுண்ணிய வேறுபாட்டை இந்தச் சொல் காட்டவில்லை என்பது உண்மை. அந்தக் குறை மூலச் சொல்லிலேயே இருக்கிறது. 'ஆன்டிஜென் டெஸ்ட்' என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் வலிந்து மாற்ற வேண்டியதில்லை, முதல் முறை விளக்கி எழுதினாலே போதும். எந்தக் காரணத்துக்காகவும் ஆன்டிஜெனை வெறும் 'எதிர்ப்பொருள்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அது பொருளைத் தலைகீழாக்கிவிடும்.

நோயறிதலில்: எதைக் கொண்டு எதைத் தேடுகிறோம்?

ஆய்வகத்தில் இரண்டு வழிகள் உள்ளன. எதிர்ப்பொருளை வைத்துக்கொண்டு நோயாளியிடம் ஆன்டிஜெனைத் தேடலாம். ஆன்டிஜெனை வைத்துக்கொண்டு அவரிடம் எதிர்ப்பொருளைத் தேடலாம். டைபாய்டுக்கான விடால் சோதனை இரண்டாம் வகை. கிருமியின் 'ஓ', 'எச்' ஆன்டிஜென்களோடு நோயாளியின் சீரத்தைக் கலந்து, திரிதிரியாகச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய தொற்றின் எதிர்ப்பொருளும் இதில் சிக்கும் என்பதால், ஒற்றை முடிவை நம்பி டைபாய்டு என்று முடிவுகட்டுவது சரியல்ல. காசநோய்க்கான மாண்டூ சோதனையும் ஆன்டிஜெனை உள்ளே செலுத்திப் பார்ப்பதுதான். ஆனால் 48 முதல் 72 மணி நேரம் கழித்துத் தோலில் தெரியும் தடிப்பு எதிர்ப்பொருளின் வேலை அல்ல, டி அணுக்களின் வேலை.

முதல் வகைக்கு டெங்கு நல்ல உதாரணம். என்எஸ்1 என்ற வைரஸ் புரதம் காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் தென்படும். தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் தெரிய ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். இரண்டாம் நாள் காய்ச்சலில் எதிர்ப்பொருள் சோதனை மட்டும் செய்து, 'இல்லை' என்று வந்தால் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது. எந்த நாளில் எதைத் தேடுகிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது.

வீட்டிலேயே செய்த கோவிட் சோதனைப் பட்டையை நினைத்துப் பாருங்கள். மூக்கில் எடுத்த மாதிரியைக் கரைசலில் கலந்து சொட்டு விட்டதும், பட்டையின் அடியில் உலர்ந்து கிடக்கும் எதிர்ப்பொருள்கள் நனைந்து கிளம்புகின்றன. அவற்றோடு தங்கத் துகள் போன்ற நிறமி ஒட்டியிருக்கும். வைரஸின் மரபுப் பொருளைப் பொதிந்திருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதம் இருந்தால் இவை அதைப் பற்றிக்கொண்டு மேலே நகரும். 'டி' கோட்டில் அசையாமல் ஒட்டவைத்த இன்னொரு எதிர்ப்பொருள், அதே புரதத்தின் வேறொரு திட்டைப் பிடித்து நிறுத்தும். நிறமிகள் அங்கே குவிவதால் கோடு தெரிகிறது. 'சி' கோடு, நிறமி ஏந்திய எதிர்ப்பொருள் கடைசிவரை ஓடிவந்ததா என்று மட்டும் சொல்கிறது. மூக்கில் போதுமான மாதிரி எடுத்தோமா என்பதை அது சொல்லாது. முன்னணித் தடுப்பூசிகள் பலவும் உடலுக்குக் காட்டியது வைரஸின் மேற்பரப்பில் முள்போல நீட்டியிருக்கும் ஸ்பைக் புரதத்தை; பட்டை தேடியதோ நியூக்ளியோகேப்சிட். எனவே அந்தத் தடுப்பூசி போட்டதால் பட்டையில் கோடு வராது.

மலேரியாவில் ஒரு கவலைக்குரிய நிகழ்வு நடந்துகொண்டிருக்கிறது. ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணியைக் கண்டுபிடிக்கப் பல பட்டைகள் எச்ஆர்பி2 என்ற ஆன்டிஜெனைத் தேடுகின்றன. அந்தப் புரதத்துக்கான மரபணுவையே இழந்த ஒட்டுண்ணிகள் சில நாடுகளில் பரவியுள்ளன. நோய் இருந்தும் பட்டை 'இல்லை' என்று சொல்லும். மறுபக்கம், சிகிச்சை முடிந்து ஒட்டுண்ணி செத்த பிறகும் எச்ஆர்பி2 வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். பட்டை 'இருக்கிறது' என்று சொல்லும்.

இனி ஹெபடைடிஸ் பி. 1960களில் பாரூக் ப்ளம்பர்க், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோஃபீலியா நோயாளி ஒருவரின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவரின் சீரத்தோடு வினைபுரிவதைக் கவனித்தார். கண்டெடுத்த பொருளுக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர். அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்பது பிறகே தெளிவானது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய அறிக்கையில் அது 'எச்பிஎஸ்ஏஜி' என்று வரும். அது பாசிட்டிவ் என்றால் தொற்று இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட தொற்று. அதே புரதத்துக்கான எதிர்ப்பொருள், 'ஆன்டி எச்பிஎஸ்', மட்டும் இருந்தால் தடுப்பூசியின் பலன். அதோடு வைரஸின் உள்கூட்டுப் புரதத்துக்கான எதிர்ப்பொருளும் இருந்தால், தொற்று வந்து குணமாகியிருக்கிறது. இந்தத் தடுப்பூசியில் இருப்பதும் எச்பிஎஸ்ஏஜிதான் என்பதால், ஊசி போட்ட சில நாட்களுக்குள் ரத்தம் எடுத்தால் பொய்யாகப் பாசிட்டிவ் வரக்கூடும். நோயைக் காட்டும் பொருளே நோயைத் தடுக்கும் மருந்தாகவும் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பெயரில் ஆன்டிஜென் இருந்தும் குழப்புவது 'பிஎஸ்ஏ'. புராஸ்டேட் சார்ந்த ஆன்டிஜென் என்று விரியும் இது, விந்தை நீர்க்கச் செய்யும் ஒரு நொதி. ஆணின் சொந்த உடல் இதை எதிர்ப்பதில்லை. விலங்குகளில் உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் கொண்டு கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது. சுரப்பியின் சாதாரண வீக்கத்திலும் தொற்றிலும்கூட இது உயரும். ஆகவே பிஎஸ்ஏ கூடுதல் என்றதும் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

சிகிச்சையில்: குறி வைப்பதற்கு ஓர் அடையாளம்

தடுப்பூசி என்பது ஆன்டிஜெனைப் பாதுகாப்பான உருவில் காட்டுவது. அதைப் பலரும் அறிவார்கள். சிவப்பணுவில் டி (D) ஆன்டிஜென் இல்லாத, அதாவது ஆர்எச் நெகட்டிவ் தாய்க்குத் தரும் ஆன்டி-டி ஊசி இன்னும் வியப்பானது. குழந்தையின் சிவப்பணுவில் உள்ள டி ஆன்டிஜென் தாயின் ரத்தத்தில் கலந்தால், அவர் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். பிரசவமான 72 மணி நேரத்துக்குள் டி-க்கு எதிரான எதிர்ப்பொருளை வெளியிலிருந்து செலுத்திவிட்டால், தாயின் உடல் தானாக அதை உண்டாக்காது. 1968 முதல் இந்த ஊசி எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

1975இல் ஜார்ஜ் கோலரும் செசார் மில்ஸ்டீனும் ஒரே திட்டை மட்டும் பற்றும் ஒற்றைவகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் முறையைக் கண்டார்கள். அதிலிருந்து புற்றுநோய் மருத்துவம் மாறியது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில், அணுக்களின் மேற்பரப்பில் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கும். அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் 1998இல் அனுமதி பெற்றது. எனவே கட்டியின் திசுவில் ஹெர்2 இருக்கிறதா என்ற சோதனை வெறும் தகவலுக்காக அல்ல, மருந்தே அதைப் பொறுத்தது.

சில ரத்தப் புற்றுநோய்களுக்கு 2017இல் அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சையில், நோயாளியின் டி அணுக்களையே வெளியே எடுத்து, சிடி19 என்ற ஆன்டிஜெனைக் கண்டறியும் ஏற்பியைப் பொருத்தித் திரும்பச் செலுத்துகிறார்கள். சிடி19 புற்றணுவில் மட்டுமல்ல, எதிர்ப்பொருள் உற்பத்திக்கு ஆதாரமான, நலமான பி அணுக்களிலும் உண்டு. அவையும் அழியும், எதிர்ப்பொருள் உற்பத்தி குறையும், அதை வெளியிலிருந்து ஈடுசெய்ய வேண்டியிருக்கும். சிலருக்குச் சில மாதங்களில் நோய் திரும்பும்போது, புற்றணுக்கள் சிடி19ஐயே உதறிவிட்டிருக்கும். பற்றுவதற்கு அடையாளம் இல்லாததால் அந்த டி அணுக்கள் அவற்றைக் கடந்துபோய்விடும். அதனால்தான் இப்போது சிடி19, சிடி22 இரண்டையும் ஒருசேரத் தேடும் டி அணுக்களை உருவாக்கிப் பார்க்கிறார்கள்.