செவப்பு மருந்து நரம்ப விட்டு வெளிய கசிஞ்சா அல்ட்ராசவுண்ட்ல என்ன தெரியும்?

கீமோ, அதாவது புற்றுநோய் மருந்து, ஏத்துற வார்டுல நர்சுங்க திரும்பத் திரும்ப சொல்ற ஒரு விஷயம், "எரிச்சல் இருந்தா உடனே சொல்லுங்க, பொறுத்துக்காதீங்க". ஆனா நம்ம ஆளுங்க பொறுத்துக்குவாங்க. கடலூர்ல இருந்து விடிகாலைல பஸ் பிடிச்சு பாண்டிக்கு வந்து, ரத்தம் குடுத்து, ரிப்போர்ட்டுக்கு காத்திருந்து, மதியம் ஒரு வழியா ட்ரிப்ஸ் ஏற ஆரம்பிச்சப்புறம் இந்த சின்ன எரிச்சலுக்கு போய் நர்சை கூப்பிடணுமான்னு எங்க சித்தி பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அந்த சின்ன எரிச்சல் ஏன் சின்ன விஷயம் இல்ல, அதை அல்ட்ராசவுண்ட் வச்சு எப்படி பாக்க முடியும்னு எனக்குப் புரிஞ்ச அளவுக்கு எழுதுறேன்.

மருந்து நரம்புக்குள்ள (ரத்தக்குழாயத்தான் நாம நரம்புன்னு சொல்றோம்) போற வரைக்கும் ரத்தத்துல கலந்து நீர்த்துப் போயிடும். ஊசி நுனி நகர்ந்தாலோ, நரம்பு சுவர்ல ஓட்டை விழுந்தாலோ, அதே மருந்து சுத்தி இருக்கிற கொழுப்புலயும் சதையிலயும் தேங்கிடும். சாதா சலைன்னா வீங்கும், ரெண்டு நாள்ல வத்திடும். ஆனா டாக்ஸோரூபிசின்னு ஒண்ணு இருக்கு, மார்பகப் புற்றுநோய்க்கு குடுக்குற செவப்பு கலர் மருந்து, ஏத்தினப்புறம் சிறுநீர் கூட செவப்பா போகும். அது செல்லுக்குள்ள போய் டிஎன்ஏவோட ஒட்டிக்கும், அந்த செல் செத்ததும் மருந்து வெளிய வந்து பக்கத்து செல்லுக்குள்ள போகும், அதுவும் சாகும், இப்படியே வாரக்கணக்குல புண்ணு ஆழமாகிட்டே போகலாம். வின்கிரிஸ்டின் மாதிரி மருந்துங்க டிஎன்ஏல ஒட்டாது, ஆனா அதுவும் தோலை அரிக்கிற வகைதான்.

இதுல கொடுமை என்னன்னா முதல் நாள் மேல பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது. தோல் செவக்கும்னு பாடப்புத்தகத்துல எழுதியிருக்கும், ஆனா நம்ம மாநிறத்துலயும் கறுப்புத் தோல்லயும் அந்த செவப்பு சீக்கிரம் கண்ணுக்குப் படாது. விரலால அமுக்கிப் பாத்து கெட்டியா இருக்கான்னு சொல்றதும் ஆளுக்கு ஆள் மாறும். அல்ட்ராசவுண்டுக்கு தோல் நிறம் ஒரு பொருட்டே இல்ல, எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படுறது இந்த ஒண்ணுதான்.

வேலை செய்ற விதம் இதுதான். ப்ரோப் (தோல் மேல வச்சுப் பாக்குற கைப்பிடிக் கருவி) நுனியில இருக்கிற படிகத் துண்டுங்களுக்கு மின்சாரம் குடுத்தா அதிரும், அதிர்வு வந்து மோதினா திரும்ப மின்சாரம் உண்டாக்கும். 1880ல பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடிச்ச விஷயத்துல இருந்து வந்தது இது (அதே பியர் கியூரிதான் பின்னாடி மனைவி மேரியோட சேர்ந்து ரேடியத்தை கண்டுபிடிச்சார், புற்றுநோய் வைத்தியத்துக்கு ரெண்டு பக்கமும் அவர் கை இருக்கு). ப்ரோப் ஒலியை சின்னச் சின்ன துடிப்பா அனுப்பும், திசுவுக்குள்ள அது நொடிக்கு சுமார் 1540 மீட்டர் வேகத்துல போகும், ஒரு அடுக்கு முடிஞ்சு இன்னொரு அடுக்கு தொடங்குற இடத்துல கொஞ்சம் எதிரொலிச்சு திரும்பும். 1 சென்டிமீட்டர் ஆழத்துல மோதிட்டு வர 13 மைக்ரோசெகண்ட் ஆகும், அந்த நேரத்தை வச்சுதான் மெஷின் ஆழத்தைக் கணக்கு போட்டு படம் வரையுது.

வயித்து ஸ்கேனுக்கு 3, 4 மெகாஹெர்ட்ஸ் ஒலி போதும், ஆழமா போகும் ஆனா பொடி விவரம் தெரியாது. கைக்கு 10ல இருந்து 18 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள, முகம் தட்டையா இருக்கிற ப்ரோப் எடுப்பாங்க. 15 மெகாஹெர்ட்ஸ்ல ஒலியோட அலைநீளம் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான், அதனால தோல் அடுக்கைக் கூட தனியா பிரிச்சுக் காட்டும். பதிலுக்கு சில சென்டிமீட்டர் போறதுக்குள்ள சத்தம் அடங்கிடும். முன்கைக்கு அதுவே தாராளம்.

நல்ல கையில படம் ஒழுங்கா இருக்கும். மேல தோல் வெள்ளைப் பட்டையா, அதுக்குக் கீழ கொழுப்பு கொஞ்சம் கருப்பா, நடுநடுவுல மெல்லிசா வெள்ளைக் கோடு ஓடும், அதுக்கும் கீழ தசை. நரம்பு ஒரு கருப்பு வட்டம், ப்ரோப்பை லேசா அமுக்கினா சப்பையாகி மறைஞ்சுடும். அமுக்கியும் மறையலைன்னா உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கலாம்.

மருந்து கசிஞ்ச கையில முதல்ல கொழுப்பு தடிக்கும், வழக்கத்தை விட வெளுக்கும், தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவுல இருக்கிற எல்லை மங்கிடும். திரவத்துக்குள்ள ஒலி மோதித் திரும்ப எதுவும் இல்ல, அதனால திரவம் கருப்பாதான் தெரியும். அது கொழுப்புத் திட்டுகளுக்கு நடுவுல புகுந்துட்டா, மேல இருந்து பாத்த பிச்சாவரம் மாதிரி ஆயிடும், வெள்ளை வெள்ளையா திட்டு, சுத்தி கருப்பா வாய்க்கால். சில பேருக்கு ஒரே இடத்துல குளமா தேங்கியிருக்கும், அதோட நீளம் அகலம் ஆழம் எல்லாம் திரையிலயே அளந்துடலாம். புறங்கையில கொழுப்பு ரொம்ப கம்மி, தசைநாண் உடனே கீழ இருக்கும், தேங்கினது அதைத் தொடுதான்னு தெரியுறது ப்ளாஸ்டிக் சர்ஜனுக்கு ரொம்ப உதவும். புறங்கைய விட முன்கையில ஊசி போடறது நல்லதுன்னு சொல்றதுக்கும் இதுதான் காரணம்.

இந்த ஸ்கேனை அவசரமா செஞ்சா ஏமாத்திடும். ப்ரோப்பை அழுத்தினா தேங்கின திரவம் ஓரமா ஒதுங்கிப் போயிடும், அதனால ஜெல்லை தாராளமா குமிச்சு வச்சு, ப்ரோப் தோல் மேல பட்டும் படாமலும் இருக்கணும், வலிக்கிற கைக்கும் அதுதான் நல்லது. அப்புறம் இன்னொரு கையில அதே இடத்தையும் பாக்கணும். ஒல்லியானவங்க கொழுப்பும் பருமனானவங்க கொழுப்பும் ஒரே தடிமன் கிடையாது, அவங்கவங்க நல்ல கைதான் அவங்களுக்கு அளவுகோல். அதே இடத்தை மறுநாளும், வாரம் கழிச்சும் பாத்தா வத்துதா பரவுதான்னு தெரியும். கலர் டாப்ளர் போட்டா ரத்த ஓட்டம் அதிகமான இடம், அதாவது அழற்சி இருக்கிற இடம் கலரா மின்னும். ஆனா ரொம்ப மெல்லிய நாளங்கள்ல ஓடுறது சாதா டாப்ளர்ல சிக்காது, அதனால கலர் வரலைங்கறத வச்சு அந்த இடம் செத்துப்போச்சுன்னு சொல்லிட முடியாது.

அதே மாதிரி அந்த கருப்புத் திரவம் கீமோ மருந்தா, சலைனா, சும்மா நீர் கோத்ததான்னு ஸ்கேன் சொல்லாது. செல்லு சாகுறதையும் நேரா காட்டாது. அதனால ஸ்கேன் வர வரைக்கும் காத்திருக்கிறது தப்பு. ட்ரிப்ஸை நிறுத்திட்டு, ஊசியை உடனே பிடுங்காம அது வழியாவே சிரிஞ்சால உறிஞ்ச முடிஞ்சதை உறிஞ்சிட்டு, வீக்கத்தோட ஓரத்தை பேனாவால கோடு போட்டு வைப்பாங்க. டாக்ஸோரூபிசினுக்கு ஐஸ் ஒத்தடம், டெக்ஸ்ராசாக்சேன்னு முறிவு மருந்து இருக்கு, அதை 6 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 3 நாள் குடுக்கணும். வின்கிரிஸ்டினுக்கு ஐஸ் வைக்கவே கூடாது, வெதுவெதுப்பான ஒத்தடம். இது தெரியாம வீட்டுக்கு வந்து விளக்கெண்ணெய் போட்டு நீவி விடறவங்க இருக்காங்க, நீவினா மருந்து இன்னும் பரவத்தான் செய்யும்.

ஜப்பான்ல நர்சுங்களே கையடக்க மெஷின் வச்சு ஊசி போட்ட இடத்தைப் பாக்குறது பத்தி டோக்கியோ பல்கலைக்கழகத்துல நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. நம்ம ஊர்ல அது அவ்வளவு சுலபம் இல்ல. சிசு பாலினம் கண்டுபிடிக்கறத தடுக்க 1994ல வந்த சட்டப்படி அல்ட்ராசவுண்ட் மெஷின் எல்லாத்தையும் பதிவு பண்ணணும், சின்ன மெஷினையும் நினைச்ச இடத்துக்கு தூக்கிட்டுப் போக முடியாது, தகுதியுள்ள டாக்டர்தான் பாக்கணும். அந்த சட்டம் நமக்கு கண்டிப்பா வேணும், அதுல எனக்கு மறுபேச்சே இல்ல. ஆனா கீமோ வார்டுக்குன்னு பதிவு பண்ண ஒரு மெஷினும், கூப்பிட்டா வர ஒரு டாக்டரும் இருந்தா, கையைப் பிடிச்சுக்கிட்டு ஸ்கேன் ரூம் வாசல்ல வரிசையில நிக்க வேண்டியதில்ல.

மருந்து ஏத்திட்டு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி, அன்னைக்கு ஏத்தின மருந்து பேரை சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க, வார்டு போன் நம்பரையும்தான். ராத்திரி கடலூர் மஞ்சக்குப்பத்துல கை வீங்கினா ஐஸா சூடான்னு முடிவு பண்ண அவங்க முதல்ல கேக்கப்போறது அந்தப் பேரைத்தான்.