சிஆர்பி 6 என்று வந்தால்?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் சிஆர்பி 6 என்று இருக்கிறது. பக்கத்தில் '5-க்குக் கீழ் இருக்க வேண்டும்' என்று போட்டிருப்பதால் அந்த 6 மட்டும் தடித்த எழுத்தில் முறைக்கிறது, உடனே வயிற்றைக் கலக்கும். ரத்தம் எடுத்த நாள் மாதவிடாய் நாளா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று யாராவது கேட்டார்களா?

சிஆர்பி கல்லீரல் செய்யும் ஒரு புரதம். எங்காவது தொற்றோ காயமோ ஏற்பட்டால் நோய் எதிர்ப்பு செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற பொருளை ரத்தத்தில் விடும், அது கல்லீரலுக்கு வந்து சேர்ந்ததும் சிஆர்பி உற்பத்தி சூடுபிடிக்கும். சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், கடுமையான பாக்டீரியா தொற்றில் 100-ஐத் தாண்டும். காரணம் நீங்கிவிட்டால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும்.

இங்கே 6 என்பது ஒரு லிட்டருக்கு 6 மில்லிகிராம். சில லேப்கள் டெசிலிட்டரில் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கொடுப்பார்கள், அங்கே இதே அளவு 0.6 என்று வரும். அதனால் முதலில் அலகைப் பாருங்கள்.

சரி, மாதவிடாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கருப்பையின் உள்படலம் உரிந்து வெளியேறுவதே கிட்டத்தட்ட ஓர் அழற்சிதான், அதாவது காயத்துக்கோ தொற்றுக்கோ உடல் காட்டும் எதிர்வினை மாதிரி; வெள்ளையணுக்கள் அங்கே குவிகின்றன, வலியைத் தரும் புரோஸ்டாகிளாண்டின்கள் சுரக்கின்றன. அதனால் அந்த நாட்களில் சிஆர்பி கொஞ்சம் கூடும், கருமுட்டை வெளியாகும் சமயத்தில் குறைவாக இருக்கும். மாத்திரையின் கதை வேறு. விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் அங்கேயே புரத உற்பத்தியைத் தூண்டிவிடுவதால், ஒரு நோயும் இல்லாமலே சிஆர்பி இரண்டு மடங்கு ஆகலாம். ஆனால் 10-ஐத் தாண்டினாலோ காய்ச்சல், வலி கூட இருந்தாலோ இந்தச் சமாதானமெல்லாம் போதாது, காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான இஎஸ்ஆர் இன்னும் வேடிக்கையானது. ரத்தத்தை நீளக் குழாயில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கின என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். சிவப்பணுக்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளும். ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் அதிகமானால் அந்த விலகல் குறைந்து, அடுக்கிய காசு போல ஒட்டிக்கொண்டு சட்டென்று இறங்கும். கர்ப்பத்தில் ஃபைப்ரினோஜன் கூடுவது இயல்பு. ஸ்வீடன் மருத்துவர் ராபின் ஃபோரேயஸ் 1918-இல் கர்ப்பிணிகளின் ரத்தம் வேகமாகப் படிவதைப் பார்த்துவிட்டு, இதையே கர்ப்பப் பரிசோதனையாக வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார்! 50 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 20 வரை இயல்பு, ஆண்களுக்கு 15. கர்ப்பிணிக்கு 40 வந்தாலும் அதை மட்டும் வைத்துப் பதற வேண்டாம். ரத்தசோகையிலும் ஏறும்.

எனக்குக் கவலை தருவது ஃபெரிட்டின்தான். இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் இந்தப் புரதம் அழற்சி வந்தாலும் ஏறிவிடும். ஆரோக்கியமான பெண்ணுக்கு 15-க்குக் கீழே போனால் இரும்புச்சத்துக் குறைவு என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், தொற்றோ அழற்சியோ இருந்தால் அந்த எல்லையை 70 ஆக்குகிறது. அதாவது சிஆர்பி ஏறியிருக்கும்போது ஃபெரிட்டின் 40 என்று வந்து, 'நார்மல்' என்று அச்சாகியிருந்தாலும், உங்களுக்கு இரும்புச்சத்து தீர்ந்துபோயிருக்கலாம்.