குஞ்சோடு நிற்கிற விராலை விட்டுவிடுங்கள்

போன ஐப்பசியில், முதல் மழை பெய்து ஓய்ந்த வாரம், நான்கு பேர் ஒரே வீடியோவை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்கள். கண்டரக்கோட்டைக்குக் கிழக்கே தென்பெண்ணையில் மணல் அள்ளிய பள்ளம் ஒன்று. ஒரு தம்பி தூண்டில் முள் மாட்டிய ரப்பர் தவளையை வீசுகிறார். முதல் வீச்சில் ஒன்றுமில்லை. இரண்டாவது வீச்சில் தவளை விழுந்த மாத்திரத்தில் கீழிருந்து விரால் பாய்ந்து கவ்வுகிறது. நல்ல மீன், ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. கரைக்கு இழுத்து, தராசில் தொங்கவிட்டு, மூன்று பேர் மாற்றி மாற்றிக் கையில் ஏந்திப் படம் எடுத்து, கடைசியில் திரும்பவும் தண்ணீரில் விடுகிறார்கள். "பிடிச்சோம், விட்டோம், இதுதான் எங்க கொள்கை" என்று கீழே எழுத்து வேறு ஓடுகிறது.

அனுப்பிய நான்கு பேரும் பாராட்டித்தான் அனுப்பியிருந்தார்கள். நான் அந்த மீனைப் பார்க்கவில்லை. முதல் ஐந்து நொடியையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். தவளை விழுந்த இடத்தில், செம்மண்ணைக் கரைத்து ஊற்றியதுபோல் ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் சிவந்து கிடக்கிறது. அதில் தூறல் விழுவதுபோல் புள்ளி புள்ளியாக அசைவு. வானத்தில் மழை இல்லை. அத்தனையும் விரால் குஞ்சு, மூச்சுக்காக மேலே வந்து வந்து போகிறது. அந்தத் தம்பி குறி பார்த்து வீசியதே அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான்.

மீன்வளத்துறையில் சார் ஆய்வாளராகச் சேர்ந்து, ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி இந்தக் கடலூர் மாவட்டத்தின் ஆறு, ஏரி, உப்பங்கழி ஓரங்களில்தான் கழிந்தது. தோட்டா போட்டவர்களைப் பிடித்திருக்கிறேன், மருந்து கலந்தவர்களைப் பிடித்திருக்கிறேன், பேட்டரியைத் தோளில் மாட்டிக்கொண்டு கரண்ட் வைத்துப் பிடித்தவர்களை இரவு இரண்டு மணிக்குத் துரத்தியிருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் தாங்கள் செய்வது தப்பு என்று தெரியும், அதனால்தான் இருட்டில் வந்தார்கள். இது அப்படி இல்லை. பட்டப்பகலில், நல்ல காரியம் செய்கிற நினைப்போடு நடக்கிறது. தூண்டில் ராட், ரீல் எல்லாம் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு மழைக்காலத்துக்கு மழைக்காலம் கூடிக்கொண்டே போகிறது. இந்த வீடியோவோடு எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: "விட்டுட்டோமே சார், அப்புறம் என்ன?"

என்ன என்று சொல்கிறேன். விரால் மற்ற மீன் மாதிரி முட்டையைப் போட்டுவிட்டுப் போகிற மீன் கிடையாது. ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து, கோரையும் பாசியும் உள்ள ஓரத்தில் செடியை ஒதுக்கி வட்டமாக ஒரு இடம் செய்து, அங்கே முட்டை விடும். முட்டை மஞ்சளாக மேலே மிதக்கும். ஓரிரண்டு நாளில் பொரித்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. சிவப்புக் குஞ்சுகள் திரளாக மேலே மேயும், தாய் தகப்பன் இரண்டும் அடியில் நிழல் மாதிரி கூடவே போகும். கூட்டத்தின் மேல் எது விழுந்தாலும் பாய்ந்து அடிக்கும், தவளையோ பாம்போ மனிதன் காலோ எதுவானாலும் சரி. பசியால் அடிப்பதல்ல அது, குஞ்சைக் காப்பாற்ற அடிப்பது. உங்கள் ரப்பர் தவளையை அது இரை என்று நினைத்துக் கவ்வவில்லை, திருடன் என்று நினைத்துக் கவ்வியது. அதனால்தான் அந்த நேரத்தில் விரால் இவ்வளவு சுலபமாக மாட்டுகிறது. மற்ற நாளில் காலையிலிருந்து மாலை வரை வீசினாலும் ஒரு தொடுதல் கிடைக்காத பள்ளத்தில் இரண்டாவது வீச்சிலேயே மீன் வருகிறது என்றால், உங்கள் கைத்திறனைப் பற்றிப் பெருமைப்படுவதற்கு முன் தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

சரி, விட்டுவிட்டீர்கள். விராலுக்கு ஒன்றும் ஆகாது, அது காற்றை மூச்சாக இழுக்கிற மீன், ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் சந்தை வரைக்கும் உயிரோடு போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெரிந்த விஷயம்தான் இங்கே ஆளைக் கெடுக்கிறது. மீன் சாகாது என்பதைத் தெரிந்துகொண்டு, குஞ்சுக்கும் ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மீன் கரையில் இருந்த அந்தப் பத்து நிமிடம் குஞ்சுக்கூட்டத்துக்குக் காவல் இல்லை அல்லது பாதிக்காவல்தான். அடியில் கெண்டை மீனும் ஜிலேபி மீனும் அதற்குத்தான் காத்திருக்கும், மேலே மடையான் கொக்கு காத்திருக்கும். கூட்டம் சிதறினால் சிதறியதுதான், ஒன்றுசேர நேரம் பிடிக்கும். விட்ட மீனும் நேராகக் குஞ்சிடம் போய் நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வாய் கிழிந்து, சூடான மணலில் புரண்டு, துணியால் பிடித்ததில் உடம்பின் வழவழப்புப் போய், மிரண்டு போன மீன் ஆழத்தில் போய் ஒளிந்துகொள்ளும்.

இதை நான் படித்துச் சொல்லவில்லை. வீடியோ வந்த மறுநாள் அந்தப் பள்ளத்துக்குப் போனேன். கரையில் நேற்றைய பிஸ்கட் கவர், அறுந்த தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, ஒரு பிடி. குஞ்சு ஒரே கூட்டமாக இல்லை, ஓரத்துக் கோரையில் மூன்று நான்கு கொத்தாக ஒட்டிக்கொண்டு இருந்தது. ஒரு மடையான் முழங்கால் தண்ணீரில் நின்று, அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. தலைக்கு மேல் ஆள் நின்றாலும் பறக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரிய மீன் ஒரு முறை தூரத்தில் வந்து மூச்சு விட்டுப் போனது, குஞ்சுப் பக்கம் வரவில்லை. மூன்று நாள் கழித்துப் போனபோது சிவப்பு எங்கேயும் இல்லை.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். இந்திய மீன்வளச் சட்டம் 1897ஆம் ஆண்டினது. வெடி வைத்துப் பிடிப்பது அதன் 4ஆம் பிரிவில் குற்றம். விஷம், சுண்ணாம்பு போன்றவற்றைத் தண்ணீரில் கலப்பது 5ஆம் பிரிவில். ஊரில் மருக்காரைக் காயை இடித்துப் போடுவது "இயற்கை மருந்துதானே" என்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மீனை மயக்கப் போட்டால் அதுவும் விஷம்தான். தண்டனை இரண்டு மாதம் வரை சிறை அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம் என்று மூலச் சட்டத்தில் இருக்கிறது. அன்றைக்கு இருநூறு ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு உங்கள் ரப்பர் தவளை ஒன்றின் விலை. 6ஆம் பிரிவு, குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டு வருடம் வரைக்கும் மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்க விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுக்கிறது. ஆனால் குஞ்சு காக்கும் மீனைத் தூண்டிலில் பிடிக்காதே என்று அந்தச் சட்டத்தில் நேரடியாக ஒரு வரியும் இல்லை. இத்தனைக்கும் நீலகிரியில் வேட்டை விலங்குக்கும் மீனுக்கும் தனிச் சட்டம் 1879லேயே வந்துவிட்டது. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவர்களுக்கும் ஒழுங்கு வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. நம் பக்கத்து ஆற்றில் ஒரு சார் ஆய்வாளர் எத்தனை கரையில் நிற்க முடியும்? நின்றாலும் இதற்கு எந்தப் பிரிவில் எழுதுவது? அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இன்னொரு குழப்பம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "தடைக்காலம் முடிஞ்சிருச்சே சார்" என்று ஜூன் கடைசியில் போன் செய்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான அந்த 61 நாள் கடலில் விசைப்படகுகளுக்கு. ஆற்று மீனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அது மழையைப் பார்த்து முட்டை வைக்கும். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை, ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போகவேண்டும்.

ஏரி, குளம் என்றால் வேறு விஷயம். மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போன ஏரியில் மீன் குத்தகைதாரருடையது. அவர் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். "ஒரே ஒரு தூண்டில்தானே" என்று கேட்காமல் உட்கார்ந்தால் அது திருட்டு, அவ்வளவுதான். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டிலோடு போய் நிற்கவே நிற்காதீர்கள்.

தூண்டிலில் ஆமை மாட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. நம் குளம் குட்டைகளில் உள்ள பாலாமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியல். வீட்டுக்கு எடுத்துப் போனால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, அபராதம் இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது. இங்கே இருநூறு ரூபாய் கதை செல்லாது. தூண்டில் முள்ளைப் பிடித்து இழுக்காதீர்கள், அது தொண்டையைக் கிழிக்கும். தூண்டில் நரம்பை வாயருகே வெட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இப்போது செய்யவேண்டியது. சிவப்புத் திட்டைப் பார்த்தீர்களா, தூண்டிலைச் சுற்றிக்கொண்டு ஐம்பதடி தள்ளிப் போய்விடுங்கள். குஞ்சு கறுத்துப் பெரிதாகிக் கூட்டம் கலையும் வரை, ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்துக்கு வராதீர்கள். தெரியாமல் மாட்டிவிட்டால் கரைக்கே கொண்டுவராதீர்கள், தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, பிடித்த இடத்திலேயே விடுங்கள். படம் வேண்டாம், எடை வேண்டாம். மற்ற நாளிலும் கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொடவேண்டும். முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கம் பார்த்தபடி இருக்கும் குட்டி முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், கழற்றுவது நொடியில் முடியும், மீன் தப்பிவிடும் என்று பயந்தால் நரம்பைத் தளரவிடாமல் பழகிக்கொள்ளுங்கள். மீன் முழுங்கிவிட்டால் தோண்டாதீர்கள், நரம்பை வெட்டுங்கள். அறுந்த தங்கூசியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சுண்ணாம்பாற்றங்கரையில் கருவேல மரத்தில் ஒரு கால் மாட்டிக்கொண்டு தலைகீழாகக் காய்ந்து தொங்கிய மடையானை நானே ஏறி வெட்டி இறக்கியிருக்கிறேன். கார்பன் ராடை மின்கம்பிக்குக் கீழே தூக்காதீர்கள், அது மின்சாரம் கடத்தும். மணல் பள்ளத்தின் விளிம்பில் நிற்காதீர்கள், சரியும்.

உப்பனாற்றிலும் பிச்சாவரம் பக்கத்து வாய்க்கால்களிலும் கொடுவா மீனுக்குத் தூண்டில் போட்டு உட்காருகிறவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை. கொடுவா ஆணாகத்தான் முதலில் பருவத்துக்கு வரும், வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். மூன்றடியைத் தாண்டிய கொடுவா என்றால் அநேகமாகப் பெட்டை, முட்டை வைக்கிற மீன். "பெருசை வைச்சுக்கிட்டு சின்னதை விட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, கொடுவாவில் அது முழுத் தலைகீழ். குட்டியையும் விடுங்கள், பெரியதையும் விடுங்கள். குழம்புக்கு நடுத்தர மீன் போதும், ருசியும் அதில்தான்.

அந்தத் தம்பியை விசாரித்துக் கண்டுபிடித்துப் பேசினேன். பண்ருட்டிக்காரர், வேலைக்குப் போகிற பையன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆற்றுக்கு வருகிறவர். கோபத்தோடுதான் போன் செய்தேன், ஆனால் இரண்டு நிமிடத்தில் கோபம் போய்விட்டது, ஏனென்றால் அவர் சண்டைக்கு வரவில்லை.

"அந்தச் சிவப்புல போட்டா விரால் அடிக்கும்னு மட்டும்தான் சார் தெரியும். அது என்னன்னு யாரும் சொல்லல."

பள்ளத்துக்கு வரச் சொன்னேன், வந்தார். குஞ்சு இருந்த கோரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவர், "வீடியோவ எடுத்துடவா சார்?" என்றார்.

எடுக்கவேண்டாம் என்றேன். அந்த ஐந்து நொடியை மட்டும் தனியாக வெட்டி, சிவப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இது குஞ்சு, இங்கே வீசாதீர்கள் என்று எழுதிப் போடச் சொன்னேன். அன்று இரவே போட்டார். இடம் எங்கே என்று கேட்டவர்கள் யாருக்கும் அவர் பதில் சொல்லவில்லை.