கத்திரி வெயிலும் உள்ளிருந்து கிளம்பும் சூடும்

மே மாதத்துச் சென்னையில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை? அதனாலேயே 45 வயதை ஒட்டிய ஒரு பெண் "நெஞ்சுலேர்ந்து குப்புனு சூடு ஏறுது" என்று சொன்னால், "வெயில் காலம், அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். இது வெயில் சூடு இல்லை. ஏசி அறையிலும் வரும், மார்கழி விடியற்காலையிலும் வரும். சில நிமிடங்கள் முகமும் கழுத்தும் தகிக்கும், நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், அப்புறம் குளிரெடுக்கும். மாதவிடாய் நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கும் இந்த ஹாட் ஃப்ளாஷ் மூளையில் பிறக்கிறது.

உடம்பின் வெப்பத்தைக் கவனிப்பது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ். வெப்பம் மேல் எல்லையைத் தாண்டினால் வேர்க்க வைக்கும். கீழ் எல்லைக்கும் கீழே போனால் நடுங்க வைக்கும். நடுவில் கொஞ்சம் இடைவெளி உண்டு. அதற்குள் ஏறி இறங்கினால் உடம்பு கண்டுகொள்ளாது. ஹாட் ஃப்ளாஷ் வராத பெண்களுக்கு இந்த இடைவெளி சுமார் 0.4 டிகிரி என்றும், அவதிப்படுகிறவர்களுக்கு ஏறக்குறைய இல்லாமலே போகிறது என்றும் ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட உடம்புக்கு அடுப்படியில் பத்து நிமிடம் நிற்பதே போதும்.

இடைவெளி ஏன் சுருங்குகிறது? ஹைப்போதலாமஸில் நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். கருமுட்டை இருப்பு குறையும் வயதில் ஈஸ்ட்ரோஜன் சீராக இறங்குவதில்லை; ஒரு மாதம் எகிறும், அடுத்த மாதம் சரியும். பிடி தளர்ந்ததும் அந்த நரம்பணுக்கள் பெருத்து, வெப்பத்தைக் கவனிக்கும் பகுதியைச் சீண்டிவிடுகின்றன. நியூரோகைனின் பி போய் ஒட்டும் இடத்தை அடைக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்கிறது. 2023-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. அதில் ஹார்மோனே கிடையாது. 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

சென்னையில் இன்னொரு சிக்கல், கடற்காற்றின் ஈரம். வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே அது வழிகிறதே தவிர சீக்கிரம் காய்வதில்லை. அதனால் கட்டிலருகே நேராக வீசும் மின்விசிறியும் மெல்லிய பருத்தி உடையும் உண்மையிலேயே உதவும். இரவில்தான் இது மிகவும் படுத்துகிறது. வேர்வையில் நனைந்து விழித்து, மறுபடி தூங்க முடியாமல் கிடந்தவள் காலையில் எரிந்து விழுந்தால், அதைக் குணக்கேடு என்பது அநியாயம்.

வலுவான சிகிச்சை ஈஸ்ட்ரோஜன்தான். 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு மார்பகப் புற்றுநோய் பயத்தைக் கிளப்பி, பலரை அதிலிருந்து விலக்கியது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்குகிற பெரும்பாலானோருக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்குழாயில் ரத்த உறைவோ வந்தவர்களுக்குப் பொதுவாக இதைக் கொடுப்பதில்லை.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே வேர்வையும் படபடப்பும் வரும். அதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றதாகக் கணக்கு. அதுவரை கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு லேசாக ரத்தம் பட்டாலும், 'திரும்ப வந்துடுச்சு போல' என்று இருந்துவிடாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.